தேயிலை மலையில் வண்டும் சில்வண்டும்

பெயரால் ஓரினம்போலத் தோன்றிப் பிறப்பால் வெகுதொலைவு விலகி நிற்பன வண்டும் சில்வண்டும். இரவில் ஒலிக்கும் பூச்சிக்குத் தமிழ் வழக்கு வண்டு என்ற பெயரை ஈந்துவிட்டது. பகலில் மரத்திலிருந்து இரையும் பிறிதொரு பூச்சிக்கும் அப்பெயரே வழங்குதல் மயக்கத்தை மிகுவிக்கின்றது. பூச்சியியல் நோக்கில் சில்வண்டு வெட்டுக்கிளிக்கே உறவாகும். கண்டிக்குத் தென்கிழக்கிலுள்ள ஹேவாஹெட்ட மலைப்பகுதியில், லூல்கந்துரத் தோட்டத்தின் 19 ஏக்கரில் ஜேம்ஸ் ரெயிலர் 1867ஆம் ஆண்டில் பயிரிட்ட தேயிலையே இவ்விரண்டையும் ஒப்புநோக்குதற்கு ஏற்ற களமாகும். இரண்டும் அச்செடிக்குப் பகையாதலின்.

மண்ணில் வளை தோண்டி வாழும் பெருஞ்சில்வண்டு நாலைந்து சென்ரிமீற்றர் நீளமுடையது, கபில நிறத்தது. ஆண் தன் முன்சிறகுகளை உரசி ஒலியெழுப்பும். அவ்வொலியைக் கேட்கும் செவி முன்னங்கால்களில் அமைந்துள்ளது. முட்டையினின்று வெளிப்படும் குஞ்சு பெரும்பாலும் தாயையே ஒத்திருக்கும். கூட்டுப்புழுப் பருவம் அதற்கில்லை. இரவில் நாற்றுமேடைக்கு வந்து, இளங்கன்றின் தண்டை அறுத்து வளைக்குள் இழுத்துச் செல்லும். விடிந்ததும் வளைவாயிலில் குவிந்த மண் கள்வனின் வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். நீர் ஊற்றி அதனை வெளிப்படுத்தலாம்.

தேயிலைத் துளைப்பான் வண்டின் செய்தியோ வேறு. ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் நீளமேயுடைய இக்கரிய வண்டினத்தை, இலங்கையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1868இல் ஐக்கொவ் என்னும் ஜெர்மானியர் விவரித்தார். உருவால் பிரித்தறிய வொண்ணாத பல இனங்கள் அப்பெயருள் அடங்கியிருந்தன என்பது அண்மைக்கால மரபணு ஆய்வின் முடிபு. பெண்வண்டு கிளையைத் துளைப்பினும் மரத்தை உண்பதில்லை. தலையிலுள்ள சிறு பைகளில் சுமந்துவந்த பங்கசைத் துளையின் சுவரில் விதைத்து வளர்க்கின்றது. குடம்பிகட்கு அதுவே உணவு. மனிதன் ஏர் பிடிப்பதற்கு நெடுங்காலம் முன்னரே தோன்றிய பயிர்த்தொழில் இஃது எனலாம். ஆண்கள் பறக்கவியலாதவை, கருக்கட்டாத முட்டைகளினின்று பிறப்பவை. பெண்கள் பெரும்பாலும் உடன்பிறந்த ஆண்களோடே கூடிய பின்னர் வெளியேறுகின்றன.

துளையுண்ட கிளை பார்வைக்குப் பசுமையாகவே நிற்கும். காற்றிலோ, கொழுந்து பறிப்போர் ஊடே செல்லும்போதோ முறிந்து விழும். கவ்வாத்தின்பின் துளைவழியே உளுப்பும் புகும். நடுமலைத் தோட்டங்களே இதனால் மிகவும் வருந்துவன.

மரத்தினுள் மறைந்த பகையை மருந்து எட்டுவதும் அரிது. 1950களின் பிற்பகுதியில் இவ்வண்டை ஒழிக்கத் தெளித்த டீல்திரின், தேயிலையின் இலைசுருட்டிப் புழுவை அடக்குதற்பொருட்டு 1930களில் சாவாவிலிருந்து கொணரப்பட்ட சிறு குளவியை மாய்த்தது. அடங்கியிருந்த புழு மீண்டும் பெருகிற்று. அம்மருந்தைக் கைவிட்ட பின்னரே குளவி தன் பணியைத் தொடர்ந்தது. துளைப்பான் இன்றும் கிளைக்குள் இருக்கின்றது.