பிரதேச சபையின் பொறுப்பு தோட்ட எல்லையில் முடிந்துவிடலாகாது

கொள்ளைநோயொன்று நாட்டினுள் நுழையும்போது கட்டளைகள் தலைநகரிலிருந்து பிறக்கின்றன. அக்கட்டளைகள் செயலுருவம் பெறுவதோ கிராமங்களிலும் கடைவீதிகளிலும் தோட்டத்து லயன்களிலுமேயாகும். குப்பை அகற்றல், சந்தை, வடிகால், வீதிவிளக்கு, மயானம் ஆகிய அன்றாடத் தேவைகள் யாவும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பில் உள்ளன. ஆகவே, மக்களுக்கு மிக அருகிலுள்ள அரசு பிரதேச சபையே என்றால் அது மிகையன்று.

ஆனால், மலையகத்தைப் பொறுத்தவரையில் இந்த அருகாமை எத்தகையது என்ற கேள்வியை 2020ஆம் ஆண்டின் கொரோனா தொற்று எழுப்பியது. அக்கேள்விக்கு இன்னமும் முழுமையான விடை கிடைக்கவில்லை.

கண்டி மாவட்டத்தின் கலஹாவை எடுத்துக்கொள்வோம். பேராதனையிலிருந்து மலைப்பாதை வழியே செல்லும்போது வரும் இச்சிறு நகரில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒரே கடைவீதியையே நாடி வருகின்றனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக ரீதியில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் இப்பிரதேசத்தை அண்மித்ததே. கலஹா, தெல்தோட்டைப் பகுதிகள் பாத்தஹேவாஹெட்ட பிரதேச சபையின் ஆளுகைக்கு உட்பட்டவை. நகரமும் சபையின் எல்லைக்குள் இருக்கிறது; அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் இருக்கின்றன. எனினும், இவ்விரண்டும் சட்டத்தின் பார்வையில் நீண்டகாலம் சமமாக இருக்கவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்காகச் சபை தனது நிதியைத் தாராளமாகச் செலவிட முடியாதிருந்தது. தோட்ட மக்கள் வாக்களித்தனர். உறுப்பினர்களையும் தவிசாளர்களையும் தெரிவு செய்தனர். ஆயினும், தெரிவானவர் தமது வாக்காளரின் லயனுக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட முனைந்தால் சட்டம் குறுக்கே நின்றது. நீண்டகாலக் கோரிக்கைகளின் பின்னர், 2018ஆம் ஆண்டிலேயே இச்சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களிலும் சபைகள் பணியாற்ற வழி திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொற்று வந்து சேர்ந்தது. அனுமதி கிடைத்திருந்ததே தவிர, பல தசாப்தங்களாகக் கட்டப்படாதவற்றைக் கட்டி முடிக்கக் காலம் கிடைக்கவில்லை.

2020 மார்ச் 20ஆம் திகதி நாடளாவிய ரீதியில் ஊரடங்குச் சட்டம் அமுல்படுத்தப்பட்டது. அம்மாத இறுதியில் கண்டி மாவட்டத்தின் அக்குறணை முற்றாக முடக்கப்பட்டது. ஆனால், தேயிலைத் தோட்டங்களில் வேலை நிற்கவில்லை. ஏப்ரல் 4ஆம் திகதி கொழும்புத் தேயிலை ஏலம் வரலாற்றில் முதற் தடவையாக இணையவழியில் நடந்தேறியது. ஏற்றுமதி வருமானம் தடைப்படாதிருப்பதற்காகக் கொழுந்து பறிக்கும் கரங்கள் தொடர்ந்து உழைத்தன. அவ்வாறு உழைத்தவர்கள் மாலையில் திரும்பிச் சென்றது பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான லயன் அறைகளுக்காகும். ஒரு மீற்றர் இடைவெளியைப் பேணுங்கள், கைகளை அடிக்கடி கழுவுங்கள், அறிகுறி உள்ளவர் தனியறையில் இருங்கள் என்ற அறிவுறுத்தல்கள் அந்த அறைகளின் வாசலில் பொருளிழந்து நின்றன. பொதுக் குழாயடியில் வரிசையில் நிற்பவரிடம் கைகழுவும்படி கூறுவதற்கு முன்னர் நீரைக் கொண்டுவர வேண்டியது யார்?

இங்கேதான் பொறுப்புகள் சிதறிக் கிடக்கின்றன. தனிமைப்படுத்தல் அதிகாரம் 1897ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ்ச் சுகாதாரத் துறையிடம் உள்ளது. அதனைக் களத்தில் நிறைவேற்றுபவர்கள் சுகாதார வைத்திய அதிகாரியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் ஆவர். நிவாரணத்துக்கான பெயர்ப்பட்டியல் கிராம உத்தியோகத்தரின் கையில். காணியும் லயனும் பெருந்தோட்டக் கம்பனியின் நிர்வாகத்தின் கீழ். கழிவும் மயானமும் சபையின் பொறுப்பில். கிராமத்தவர் ஒருவர் இரண்டு மூன்று அலுவலகங்களை நாடினால் போதும். தோட்டத்தவரோ அவற்றுடன் தோட்ட நிர்வாகத்தின் வாசலிலும் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தரப்பும் அடுத்த தரப்பைச் சுட்டிக்காட்டும்போது, இடையில் அகப்படுபவர் நோயாளியே.

'தனிமைப்படுத்தல்' என்பது மலையகத் தமிழருக்குப் புதிய அனுபவமுமன்று. கடல் கடந்து வந்த அவர்களது முன்னோர் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோயில்லை என்று உறுதிசெய்யப்பட்ட பின்னரே இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். தொழிலாளியிடமிருந்து நாட்டைக் காப்பதற்கு அன்று ஏற்பாடு இருந்தது. நோயிலிருந்து தொழிலாளியைக் காக்கும் ஏற்பாடு அதே அக்கறையுடன் வளர்க்கப்படவில்லை என்பதே வரலாறு. 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை, பேலியகொடைக் கொத்தணிகள் உருவாகியபோதும் இவ்வச்சமே தலைதூக்கியது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் பணிபுரிந்த தோட்டத்து இளைஞர்கள் தீபாவளிக்கு ஊர் திரும்பினால் நோயையும் கொண்டுவருவர் என்று அஞ்சப்பட்டது. மேல் மாகாணத்திலிருந்து வெளியேறுவதற்கு நவம்பர் நடுப்பகுதி வரை தடையும் விதிக்கப்பட்டது. தடை அவசியமாக இருந்திருக்கலாம். ஆனால், வருபவர் தங்குவதற்கு லயனுக்கு வெளியே ஓர் இடம் ஆயத்தமாக இருந்திருப்பின், சொந்தப் பிள்ளைகளையே சந்தேகத்துடன் நோக்க வேண்டிய நிலை உறவினருக்கு ஏற்பட்டிராது.

நாட்டின் பல பகுதிகளில் அக்காலத்தில் வீதிகளுக்குக் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. திறந்தவெளிகளில் இவ்வாறு தெளிப்பதைத் தாம் பரிந்துரைக்கவில்லை என 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கண்ணுக்குத் தெரியும் நடவடிக்கைகள் யாவும் பயன்தரும் நடவடிக்கைகள் அல்ல. குழாய் நீர், மலசலகூடம், நோயாளர் காவு வண்டி செல்லக்கூடிய பாதை ஆகியவை புகைப்படத்துக்கு அழகு சேர்ப்பதில்லை. உயிர்களைக் காப்பவை அவையே.

2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் பதவிக்காலம் 2023 மார்ச் 19ஆம் திகதியுடன் முடிவுற்றது. தேர்தல் பிற்போடப்பட்டதால், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலேயே சபைகள் இயங்கின. 2025 மே 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் மூலம் புதிய சபைகள் உருவாகின. அவ்வாண்டு நவம்பர் இறுதியிலேயே டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்தைப் பேரழிவுக்குள்ளாக்கியது. அனர்த்தம் தொற்றாகவும் வரலாம், மண்சரிவாகவும் வரலாம். இரண்டிலும் முதலில் தேவைப்படுவன ஒன்றே: பாதுகாப்பான இடம், தூய நீர், திறந்திருக்கும் பாதை, யார் எங்கே வசிக்கின்றனர் என்ற பட்டியல்.

ஆகவே, கலஹா போன்ற பகுதிகளில் பிரதேச சபை, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, பிரதேச செயலகம், தோட்ட நிர்வாகங்கள், தொழிற்சங்கங்கள் ஆகியவை ஒன்றிணைந்த நிரந்தரக் குழுவொன்று அமைக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் உள்ள முதியோர், கர்ப்பிணிகள், நீண்டகால நோயாளர் பற்றிய விபரங்கள் அதனிடம் இருக்க வேண்டும். தனிமைப்படுத்தலுக்கும் தற்காலிகத் தங்கலுக்கும் உகந்த கட்டிடங்கள் முற்கூட்டியே இனங்காணப்பட வேண்டும். அறிவித்தல்கள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் வெளியாக வேண்டும். சபையின் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தோட்டக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் தனியான நிதி ஒதுக்கப்பட வேண்டும். இவற்றுள் நிதி தேவைப்படுவன சிலவே. ஒருங்கிணைப்பு தேவைப்படுவனவே பல.

சட்டம் திறந்துவிட்ட வழியில் சபை நடந்து செல்லாவிடின், அத்திருத்தம் ஏட்டில் எழுதிய சர்க்கரையாகவே எஞ்சும். அடுத்த தொற்று எப்போது வரும் என்பதை எவராலும் கூற முடியாது. அது வரும்போது தோட்டத் தொழிலாளி எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை இன்றே தீர்மானிக்க முடியும். வாக்குக் கேட்டு லயன் வாசலுக்கு வந்த பிரதிநிதிகளுக்கு அவ்வாசலுக்குச் செல்லும் பாதை நன்கு தெரியும். சபையின் சேவைகளையும் அதே பாதையால் அழைத்துச் செல்வது அவர்களது கடமையென நாம் வலியுறுத்த விரும்புகின்றோம்.