இயற்பியல் கலைச்சொற்கள்: தமிழ்நாட்டு, இலங்கை வழக்குகள்

மின்னியல், காந்தவியல், அலைகள், ஆற்றல் ஆகியவை தொடர்பான கலைச்சொற்கள் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களிலும் பல இடங்களில் வேறுபடுகின்றன. துறையின் பெயரே தமிழ்நாட்டில் இயற்பியல் என்றும் இலங்கையில் பௌதிகவியல் என்றும் வழங்குகிறது. ஒரே கருத்துக்கு இரு சொற்கள் இருந்தால் பொருளைக் கேட்டறிந்து கொள்ளலாம். ஒரே சொல் இரு கருத்துகளைக் குறிக்கும்போதுதான் விடை தவறாகிறது.

வேகம்

தமிழ்நாட்டில் வேகம் என்பது ஓரலகு நேரத்தில் கடந்த தொலைவு. திசையையும் சேர்த்துக் கூறினால் அது திசைவேகம். இலங்கையில் முன்னது கதி, பின்னது வேகம்.

எடுத்துக்காட்டாக, ஒருவர் 400 மீட்டர் ஓடுபாதையை 80 வினாடிகளில் ஒருமுறை சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறார். அவருடைய சராசரி வேகம் என்ன? தமிழ்நாட்டு வழக்கில் விடை வினாடிக்கு 5 மீட்டர். இலங்கை வழக்கில் விடை சுழியம். ஏனெனில் இடப்பெயர்ச்சி சுழியம். இரண்டும் சரியான விடைகளே. வினா எந்த வழக்கில் கேட்கப்பட்டது என்பதே முடிவு செய்கிறது.

ஆற்றலும் திறனும்

வேலை செய்வதற்கான இயலளவு தமிழ்நாட்டில் ஆற்றல், இலங்கையில் சக்தி எனப்படும். இதன் அலகு தமிழ்நாட்டில் ஜூல் என்றும் இலங்கையில் யூல் என்றும் எழுதப்படுகிறது. ஒரு வினாடியில் செய்யப்படும் வேலையின் அளவு தமிழ்நாட்டில் திறன், இலங்கையில் வலு.

பேச்சு வழக்கில் இந்த நான்கு சொற்களும் ஏறத்தாழ ஒரே பொருளைத் தருவதால் மாணவர்கள் இவற்றைக் கலந்து எழுதுவதுண்டு. 1000 வாட் என்பது இஸ்திரிப் பெட்டியின் திறன். அது 2 மணி நேரம் தொடர்ந்து இயங்கினால் செலவாகும் ஆற்றல் 2 கிலோவாட் மணி. மின்கட்டண அட்டையில் இதுவே 2 யூனிட். ஒரு கிலோவாட் மணி 36 இலட்சம் ஜூலுக்குச் சமம். ஆகவே நாம் பணம் செலுத்துவது திறனுக்கு அல்ல, ஆற்றலுக்கு.

மின்சாரமும் காந்தமும்

மின்னோட்டம், காந்தப்புலம் ஆகியவை இரு வழக்குக்கும் பொதுவானவை. ஆனால், மாறுதிசை மின்னழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ பயன்படும் கருவி தமிழ்நாட்டில் மின்மாற்றி, இலங்கையில் நிலைமாற்றி. மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்பு தமிழ்நாட்டில் மின்தேக்கி, இலங்கையில் கொள்ளளவி.

அலைகள்

அலைநீளம் என்ற சொல்லில் வேறுபாடு இல்லை. ஒரு வினாடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கை தமிழ்நாட்டில் அதிர்வெண், இலங்கையில் மீடிறன். இரு நாடுகளிலும் வீட்டு மின்வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் ஆகும். அந்த 50 என்ற எண்ணைச் சென்னை மாணவர் அதிர்வெண் என்றும் யாழ்ப்பாண மாணவர் மீடிறன் என்றும் படிக்கிறார்.

வழக்கை அறிய ஒரு வழி

வேற்று வழக்கில் அமைந்த நூலைப் படிக்கும்போது சொல்லை விட அலகையும் சமன்பாட்டையும் முதலில் பார்ப்பது நல்லது. வாட் என்றிருந்தால் அது திறன் அல்லது வலு. ஜூல் என்றிருந்தால் ஆற்றல் அல்லது சக்தி. வேகம், கதி ஆகியவற்றுக்கு அலகு ஒன்றே என்பதால் அங்கு மட்டும் இந்த வழி உதவாது. தொலைவா, இடப்பெயர்ச்சியா என்று வரையறையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.