விளையாட்டே முதற் பாடமாகட்டும்

1999ஆம் ஆண்டு நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 வகுப்புகளில் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டுக்கே முதலிடம் வழங்கியது. எழுத்து வேலை அதன் பின்னரே. ஆயினும் எமது கிராமங்கள் பலவற்றில் முன்பள்ளியிலேயே பிஞ்சு விரல்கள் பக்கம் பக்கமாக எழுதப் பணிக்கப்படுகின்றன. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் அங்கேயே விழுந்துவிடுகிறது. கல்வி கசந்த பிள்ளைக்குப் பாடசாலை வரவும் கசந்துவிடும்.

விளையாட்டுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. புளியங்கொட்டை எண்ணக் கற்பிக்கும். மணலில் விரல் எழுத்துப் பழகும். பாட்டியின் கதை சொல்வளம் சேர்க்கும். இவை கிராமத்தில் நிறையவே உண்டு. குறைவாயிருப்பது, சொற்ப கொடுப்பனவில் பணியாற்றும் முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சியும் மதிப்புமே. இதனை நிறைவு செய்வது மாகாண நிர்வாகங்களின் கடமையாகும். பெற்றோரும், "இன்று என்ன எழுதினாய்?" என்பதற்கு முன்னர், "என்ன விளையாடினாய்?" என வினவ வேண்டுமென நாம் விரும்புகிறோம்.