கூர்ஷெவல் 1850 உண்மையில் 1,850 மீட்டரில் இல்லை, தெரியுமா?

பிரான்ஸ் நாட்டு ஆல்ப்ஸ் மலையில் ‘கூர்ஷெவல் 1850’ என்று ஓர் ஊர் இருக்கிறது. கோடீஸ்வரர்கள் வந்து பனியில் சறுக்கிவிட்டுப் போகும் ஊர். பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 1850, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்ற கணக்கு. ஆனால் அளந்து பார்த்தால் ஊர் சுமார் 1,750 மீட்டரில்தான் உட்கார்ந்திருக்கிறது! மீதி நூறு மீட்டர் எங்கே போனது? போட்டி ஊரான வல் திசேர் நிஜமாகவே 1,850 மீட்டரில் இருக்கிறதாம், அதற்குக் குறைந்துபோகக் கூடாதென்று இவர்களும் அதே எண்ணை எழுதிக்கொண்டார்களாம். அந்தப் பக்கத்தில் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. 2011இல் அதன் தங்கை ஊர்களான 1300, 1550, 1650 மூன்றும் எண்களைக் கழற்றி வைத்துவிட்டு வேறு பெயர் சூட்டிக்கொண்டன. அக்கா மட்டும் அசையவில்லை.

ஜனவரியில் நூறு மீட்டர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன, எங்கும் பனிதான். ஏப்ரலில் அப்படி இல்லை. வாசலில் பனி கிடக்கிறதா, புல் முளைத்து மாட்டு மணி கேட்கிறதா என்பதை அந்த நூறு மீட்டர் தீர்மானித்துவிடும்!

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சூரிக்கில் இருக்கும் என் அண்ணன் மகள், ஈஸ்டரை ஒட்டி ஒரு வாரம் குடும்பத்தோடு பனிச்சறுக்குக்குப் போகலாம் என்றாள். கூட்டத்தில் ஐந்து வயது, எட்டு வயது என இரண்டு வாண்டுகள், அவள் கணவர், சென்னையிலிருந்து போகும் நானும் என் மனைவியும். எங்கே தங்குவது? அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் கிடைத்த ஆச்சரியங்கள் இவை.

முதலில் ஈஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். நம் பங்குனி உத்திரம் போல நிலாவின் பின்னால் ஓடும் பண்டிகை. 2008இல் மார்ச் 23 அன்றே வந்துவிட்டது. 2011இல் ஏப்ரல் 24 வரை காக்க வைத்தது. இரண்டுக்கும் நடுவே முழுதாக ஒரு மாதம்! ‘போன தடவை ஈஸ்டருக்குப் போனோம், அருமையான பனி’ என்று யாராவது சொன்னால் எந்த வருஷம் என்று கேளுங்கள்.

அடுத்தது சூடு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. நம்மவர்கள் சுற்றுலாப் பேருந்தில் போய் இறங்கும் டிட்லிஸ் மலை தெரியுமல்லவா? ரோப் கார் போய் நிற்கும் இடம் 3,000 மீட்டரைத் தாண்டியது. அடிவாரத்து எங்கல்பெர்க் ஊரோ 1,000 மீட்டர்தான். நடுவில் 13 டிகிரி! ஏப்ரல் மதியம் ஊரில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே அண்ணாந்து பார்த்தால் மேலே தண்ணீர் உறையும் குளிர். ஆக, ‘3,000 மீட்டர் வரை பனிச்சறுக்கு’ என்று விளம்பரம் சொன்னால் அது பொய் இல்லை. உங்கள் கட்டில் எந்த மீட்டரில் கிடக்கிறது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

இந்த இடத்தில் அண்ணன் மகள் ஒன்று சொன்னாள். இந்தக் கட்டுரையிலேயே உருப்படியான வாக்கியம் அதுதான் என்பது என் எண்ணம். “சித்தப்பா, உச்சி எவ்வளவு உயரம்னு பார்க்காதீங்க. சின்னது விழுந்து எழுந்து பழகப்போற சரிவு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு கேளுங்க.” எவ்வளவு சரி! குழந்தைகள் பழகும் சரிவு பெரும்பாலும் ஊரை ஒட்டி, மலையின் அடியில், வெயில் படும் இடத்தில்தான் இருக்கும். ஏப்ரலில் முதலில் கரைவதும் அதுதான். பெரியவர்கள் உச்சியில் பறந்துகொண்டிருக்க, வாண்டு கீழே சேற்றில் நிற்கும். இதற்குச் சில ஊர்களில் நல்ல வழி வைத்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஜெர்மாட் ஊர் சுமார் 1,600 மீட்டர். ஆனால் குழந்தைகள் பழகுவது 2,288 மீட்டரில் இருக்கும் சுன்னெகாவை ஒட்டி. மலையைக் குடைந்து விட்டிருக்கும் விஞ்சில் (பழநியில் ஏறியிருப்பீர்களே, அதே சங்கதி, ஆனால் சுரங்கத்துக்குள்!) சில நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

சரி, ஏப்ரல் பனி எப்படி இருக்கும் தெரியுமா? ஒரே நாளில் மூன்று வேஷம் போடும்! காலை எட்டரைக்குக் கால் வைத்தால் ‘கறுக்’ என்கிறது. இரவில் உறைந்து இறுகிப்போன கண்ணாடித் தகடு. பழகாதவர் அதில் இறங்கினால் இடுப்பு எலும்பை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் மேல்தோல் ஓர் அங்குலம் இளகுகிறது. கையில் அள்ளிப் பாருங்கள், கல் உப்பு! தனித்தனி மணிகள், ஒன்றோடொன்று ஒட்டாமல் விரலிடுக்கில் வழிந்தோடுகின்றன. பகலில் உருகி இரவில் உறைந்து, உருகி உறைந்து, பல நாளில் உருண்டு திரண்ட மணிகள் அவை. ஜெர்மன்காரர்கள் ‘ஃபிர்ன்’ என்று இதற்கு ஒரு செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். இதன்மேல் சறுக்குவது வெண்ணெய்மேல் கத்தி. இந்தச் சுகத்துக்காகவே ஜனவரியை விட்டுவிட்டு ஏப்ரலில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு மணி அடித்ததும் எல்லாம் குழைந்துவிடுகிறது. பிசைந்த பழைய சோறு மாதிரி. பலகை புதைகிறது, முட்டி முறுக்கிக்கொள்கிறது, எட்டு வயது அழ ஆரம்பிக்கிறது.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் சூரியனோடு சேர்ந்தே நகர்கிறார்கள். காலையில் கிழக்கு பார்த்த சரிவு, பிறகு தெற்கு, கடைசியாக மேற்கு. வடக்கு பார்த்த சரிவு பனியைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருக்கும். பிரெஞ்சு மலைக்காரர்களிடம் இதற்கென்றே இரண்டு சொற்கள் உண்டு. வெயில் பக்கம் ‘அத்ரே’, நிழல் பக்கம் ‘உபாக்’. அந்தக் காலத்தில் வீடும் வயலும் அத்ரேயில், காடு உபாக்கில். பனிச்சறுக்கு வந்ததும் யாருக்கும் வேண்டாத உபாக்குக்கு மவுசு வந்துவிட்டது!

இன்னொரு விஷயம் கேட்டால் தலை சுற்றும். வசந்த காலத்தில் சில நாள் ஆல்ப்ஸ் பனி ஆரஞ்சு நிறமாகிவிடும். சஹாரா பாலைவனத்துத் தூசி காற்றில் ஏறி, மத்தியதரைக் கடலைத் தாண்டி வந்து படிகிறது. 2021 பிப்ரவரியிலும் 2022 மார்ச்சிலும் மலையே தேநீர்க் கறை படிந்த வேட்டியாகிவிட்டது. நிறம் மாறினால் என்ன என்கிறீர்களா? வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பியடிக்கும், கறை படிந்த பனி குடித்துக்கொள்ளும், சீக்கிரம் உருகும். 1991 செப்டம்பரில் ஓட்ஸ்டால் மலையில் நடக்கப் போன ஒரு தம்பதி, பனிக்கட்டிக்குள்ளிருந்து ஒரு மனித உடல் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். 5,000 வருஷத்துக்கு மேல் பழைய உடல்! அவர்தான் ‘ஓட்சி’. அந்த ஆண்டு மார்ச்சில் வந்து படிந்த சஹாரா தூசி பனியை வேகமாக உருக்கியதும் அவர் வெளியே வர ஒரு காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

வால் தோரன்ஸ். ஐரோப்பாவிலேயே மிக உயரமான பனிச்சறுக்கு ஊர், 2,300 மீட்டர். நம் ஊட்டி 2,240! கிட்டத்தட்ட அதே உயரம், ஆனால் இங்கே தேயிலைத் தோட்டம், அங்கே நவம்பர் கடைசி முதல் மே தொடக்கம் வரை பனி. பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதுதான் வித்தியாசம். பக்கத்துப் பள்ளத்தாக்குகளோடு சேர்த்து 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை. ஐந்து வயதுக்கு அதில் முந்நூறு மீட்டர் போதும் என்பது வேறு விஷயம். குறை என்னவென்றால் மரமே கிடையாது. மரமில்லாவிட்டால் என்ன? மேகம் இறங்கிய நாளில் தரையும் வானமும் ஒரே வெள்ளை. எங்கே மேடு, எங்கே பள்ளம், நாம் நகர்கிறோமா நிற்கிறோமா என்பதுகூடத் தெரியாது. இரண்டு பைன் மரம் கண்ணில் பட்டால் போதும், உயிர் திரும்பி வரும். அந்த இரண்டு மரம்தான் அங்கே இல்லை.

தீஞ். 2,100 மீட்டர். இங்கிருந்தும் ஒரு சுரங்க விஞ்ச் ஏழெட்டு நிமிடத்தில் 3,000 மீட்டருக்குத் தூக்கிவிடுகிறது. ஆனால் இந்த ஊரின் நிஜமான கதை தண்ணீருக்கடியில் கிடக்கிறது. பழைய தீஞ் கிராமத்தை 1952இல் ஓர் அணைக்காக மூழ்கடித்துவிட்டார்கள்! மேட்டூரில் தண்ணீர் இறங்கினால் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தலைகாட்டுமே, அதுபோல இந்த ஏரியை வற்ற வைத்தபோதெல்லாம் பழைய ஊரின் இடிபாடுகள் தெரிந்தன. ஊரை இழந்த பிறகு, மேலே ஏறிக் கட்டிக்கொண்டதுதான் இன்றைய தீஞ்.

ஜெர்மாட்டுக்கு உங்கள் காரில் போக முடியாது, தெரியுமா? டேஷ் என்ற ஊரிலேயே காரை விட்டுவிட்டு 12 நிமிடம் ரயில். ரோப் கார் 3,883 மீட்டர் வரை போகிறது, வருஷம் 365 நாளும் சறுக்கலாம். பலகையை மாட்டிக்கொண்டு அப்படியே இத்தாலிக்குள் வழுக்கிப்போய் பாஸ்தா சாப்பிட்டுத் திரும்பலாம். மேலேறும் கடைசி ரோப் காரைத் தவறவிட்டால் மட்டும் மலையைச் சுற்றிக்கொண்டு பல மணி நேர டாக்ஸி! அங்கே இரு நாட்டு எல்லை, உருகும் பனி எந்தப் பக்கம் வழியும் என்ற நீர்பிரிகோட்டை வைத்துப் போட்டது. பனியாறு கரையக் கரைய அந்தக் கோடே நகர்ந்துவிட்டது. எல்லையைத் திருத்தி வரைய 2024இல் சுவிட்சர்லாந்து அரசு ஒப்புதல் கொடுத்தது. ஊரெல்லாம் எல்லைக்கு அடித்துக்கொள்ளும்போது இவர்கள் பனிக்காக எல்லையை நகர்த்துகிறார்கள்!

முரென் என்ற சின்ன சுவிஸ் கிராமம் எங்கள் பட்டியலில் இல்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. வளைந்து வளைந்து கம்புகளுக்கு நடுவே சறுக்கும் ‘ஸ்லாலம்’ பந்தயம் இருக்கிறதே, அதை இன்றைய வடிவில் முதன்முதலில் நடத்திக் காட்டியது இந்த முரெனில், 1922இல். நடத்தியவர் ஆர்னால்ட் லன் என்ற ஆங்கிலேயர். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? நம் மெட்ராஸில், 1888இல்! அப்பா மருத்துவ ஊழியம் செய்ய வந்த மிஷனரி. பனியே விழாத ஊரில் பிறந்தவர் பனிச்சறுக்குக்குச் சட்டம் எழுதி, அதற்காகவே ‘சர்’ பட்டமும் வாங்கினார். இதைக் கேட்டதிலிருந்து என் மனைவி, “அப்போ நமக்கும் வரும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

கடைசியில் எங்கள் ஓட்டு விழுந்தது ஓபர்குர்கலுக்கு. ஆஸ்திரியாவில், ஓட்சி கிடைத்த அதே மலைத் தொகுதியில், பள்ளத்தாக்கின் கடைசி ஊர். 1,930 மீட்டர். மாதா கோயிலோடு கூடிய கிராமங்களில் ஆஸ்திரியாவிலேயே இதுதான் உயரம் என்கிறார்கள். ஏப்ரல் கடைசி வரை பனி, குழந்தைகள் பழகும் சரிவும் ஊருக்குள்ளேயே. ஊரருகே பழைய பைன் காடு ஒன்று இருப்பதால், சறுக்கத் தெரியாத என் மாதிரி ஆட்கள் நடந்துவிட்டு வரலாம். இந்த ஊருக்கு வந்த மிகப் பிரபலமான விருந்தாளி அறை முன்பதிவு செய்யாமல், வானத்திலிருந்து வந்து இறங்கினார்! 1931 மே 27 அன்று விஞ்ஞானி ஆகஸ்ட் பிக்கார்டும் உதவியாளரும் அலுமினியக் கோளத்துக்குள் உட்கார்ந்து, பலூனில் 15,781 மீட்டர் ஏறினார்கள். அதுவரை எந்த மனிதனும் போகாத உயரம். திரும்பும்போது பலூன் வந்து விழுந்தது ஓபர்குர்கலுக்கு மேலே இருக்கும் பனியாற்றில். ஊர்க்காரர்கள்தான் போய்க் கூட்டிவந்தார்கள்.

ஓட்டல் பிடிக்கும்போது அண்ணன் மகள் கேட்ட ஒரே கேள்வி: “வாசல்லேர்ந்து குழந்தைங்க சரிவு எத்தனை அடி தூரம்?” பனிச்சறுக்குக் காலணி போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கணுக்கால் மடங்காது, ரோபோ மாதிரி நடக்க வேண்டும். இதில் உங்கள் பலகை, வாண்டின் பலகை, கம்புகள், கூடவே நடக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிடும் வாண்டு. இருநூறு மீட்டர் என்பது இரண்டு கிலோமீட்டர்.

பெட்டி கட்டும் பட்டியல் வந்திருக்கிறது. முதலில் சன்ஸ்கிரீன், ஐந்து டியூப். குளிருக்கு எதற்கு என்று சிரித்தேன். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் புற ஊதாக் கதிர் கூடுகிறதாம், புதுப் பனி 80 சதவீதம் வரை அதைத் திருப்பி முகத்திலேயே அடிக்கிறதாம். மூக்கின் அடிப்பக்கம்கூடக் கறுத்துப்போகும்! இரண்டாவது, எல்லோருக்கும் கண்ணாடி. மூன்றாவதைச் சிவப்பு மையில் எழுதி, சித்திக்கு என்று அடிக்கோடு போட்டிருக்கிறாள்: குக்கர். 1,930 மீட்டரில் தண்ணீர் 94 டிகிரியை எட்டுவதற்குள்ளேயே கொதித்துவிடுமாம். திறந்த பாத்திரத்தில் வைத்தால் துவரம்பருப்பு லேசில் வேகாதாம்.