மூச்சு முட்டுதலும் அதன் அபாயக் குறிகளும்

உடல்நலமுள்ளோர் ஓய்ந்திருக்கையில் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுகின்றனர். ஆயினும் அத்தொழில் நிகழ்வதை உணர்வதில்லை. ஓடினோர்க்கும் மலையேறினோர்க்கும் தோன்றும் இளைப்பு சற்றே ஆறியிருக்கத் தணியும். அவ்வாறு தணியாததும், நேற்றுவரை எளிதாய்ச் செய்த வேலைக்கு இன்று தோன்றுவதுமே ஆராயற்பாலன.

ஒட்சிசன் குறைவதனாலேயே மூச்சு விரைகின்றதெனப் பலர் கருதுவர். அது முற்றும் பொருந்தாது. சுவாசப்பையிலுள்ள காற்றிற் காபனீரொட்சைட்டு சிறிது மிகினும் மூச்சு மிகுமென்பதை ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் இருவர் 1905 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வாயுவை வெளியேற்றி ஒட்சிசனை உடலெங்கும் சேர்ப்பதற்குச் சுவாசப்பை, இருதயம், குருதி ஆகிய மூன்றும் ஒருங்கே தொழிற்படல் வேண்டும். ஆதலின் மூச்சு முட்டுவதனைத்தையும் ‘தொய்வு’ என்று கொள்ளும் வழக்கம் தவறானது.

முதியவரொருவர் முன்னர் ஒரு தலையணையுடன் துயின்றவர், பின்னர் இரண்டினை வேண்டுகிறார். சில வாரங்களில் சாய்மனைக் கதிரையிலேயே இரவைக் கழிக்கிறார். கணுக்கால் வீங்குகின்றது. வீட்டார் இதனை முதுமையென்பர். உண்மையில், படுக்கும்போது கால்களிலிருந்து மீளும் குருதியை நலிந்த இருதயம் முன்தள்ள மாட்டாமையால், சுவாசப்பையில் நீர் கசிகின்றது. இந்நிலையில் வைத்தியரைக் காண நாட்கடத்தலாகாது. குருதிச்சோகையாலும் இளைப்பு உண்டாகும். வெளிறிய கண்ணிமையும் படபடப்பும் அதனை உணர்த்தலாம். எளிய குருதிச் சோதனையொன்று அதனைத் தெளிவாக்கும்.

சில குறிகளோ ஒரு மணி நேரமும் பொறுக்கத்தக்கனவல்ல. ஓய்ந்திருக்கையில் திடீரெனத் தோன்றும் திணறல், ஒரு வாக்கியத்தை முடிக்கவியலாமை, உதடு நீலித்தல், அறிவு மயங்கல், நெஞ்சு நோ, இருமலிற் குருதி, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்க மூச்சு முட்டுதல் என்பன அவை. நீரிழிவுடையோர்க்கு மாரடைப்பு நெஞ்சு நோவின்றி மூச்சுத்திணறலாக மாத்திரம் வருதலுமுண்டு. தொய்வுடையோரிடத்து, திணறல் நீங்காதிருக்க இழுப்பொலி மட்டும் அடங்குதல் நற்குறியன்று. காற்றோட்டமே அற்றுப்போவதன் அடையாளமாகலாம்.

குழந்தை அமைதியாயிருக்கையில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுதல் வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40 என்னும் அளவை எட்டினாலோ, மூச்சிழுக்கையில் விலாவின் கீழ்ப்புறம் உட்குழிந்தாலோ, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

திணறுவோரைப் படுக்க வற்புறுத்தாது, நிமிர்ந்திருக்கச் செய்து, இறுகிய உடையைத் தளர்த்துக. இலங்கையில் 1990 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அறிவித்தால் நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும்.