மார்சாலாவும் கம்பம் பன்னீர்த் திராட்சையும்

கம்பம் பள்ளத்தாக்கில் பழுக்குந் தருணத்தில் மழை பிடித்துக்கொண்டால் பன்னீர்த் திராட்சை வெடித்துவிடுகிறது. வெடித்த குலையை வியாபாரி ஏறெடுத்தும் பாரார். இப்பழத்தை என்செய்வதென்று விசாரிக்கும் விவசாயிகளுக்கு, இத்தாலி தேசத்து மார்சாலா என்னும் இனிப்பு ஒயினின் விவரம் சிறிது பயன்படும்.

சிசிலித் தீவின் மேற்குக் கரையிலுள்ளது மார்சாலாத் துறைமுகம். 1773ஆம் வருஷத்தில் ஜான் வுட்ஹவுஸ் என்னும் ஆங்கில வியாபாரி, அவ்வூர் ஒயின் கப்பல் யாத்திரையில் கெடாதிருக்கும்பொருட்டு அதிற் சாராயம் சேர்த்தனுப்பினார். நூற்றுக்கு 17, 18 பங்கு சாராயச் சத்துள்ள இடத்தில் ஒயினைக் காடியாக்கும் கிருமிகள் பிழைப்பதில்லை. ஆகையால் திறந்த புட்டியும் சில வாரம் தாங்கும். கோழிக்கறிக்கும் முட்டைக்கரு இனிப்புக்கும் சிறிது சிறிதாக வார்க்கும் சமையற்காரருக்கு இதுவே சௌகரியம். ஓராண்டு மட்டும் முதிரவைத்த மலிவு வகையே அவர்களுக்குப் போதும்.

இனிப்புக்கு, புளிக்காத சாற்றிற் சாராயங் கலந்து சேர்ப்பர். செம்பொன்னிற வகையில் காய்ச்சிச் சுண்டிய சாறும் சேரும். நமக்கு வேண்டியது இப்பின்னதே. உரிமமின்றி ஒயின் வடிப்பது 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். குடத்திற் புளிக்கவைத்து வழக்கில் அகப்படுவானேன்? சாறு காய்ச்சத் தடையில்லை.

வெடித்த அன்றே பறித்துக் கழுவிப் பிழிந்து, அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில், இளந்தீயில் மூன்றிலொரு பங்காகச் சுண்டவிடுக. ஈயம் பூசாத செம்பு ஆகாது, களிம்பேறும். சூட்டோடு சுத்தமான புட்டிகளில் அடைக்கவும். பாயசத்திற்கும் பலகாரத்திற்கும் இப்பாகு நன்று. பூசணம் கண்ட பழத்தையும், மருந்து தெளித்துக் கெடுநாள் கழியாத தோட்டத்துப் பழத்தையும் அடுப்பேற்றலாகாது.