நேதாஜியின் டிவிஷன்கள் எப்படி உருவாயின?

சென்ற ஆகஸ்ட் 15-ஆம் தேதி நம் சங்கத்தில் கொடியேற்றம் முடிந்ததும் குழந்தைகளின் மாறுவேடப் போட்டி நடந்தது. நேதாஜி வேடமிட்டு வந்த சிறுவன் ஒருவன் பரிசை வாங்கிக்கொண்டு இறங்கும்போது என்னிடம் கேட்டான்: “தாத்தா, நேதாஜிகிட்ட ஊரும் இல்லை, கவர்மென்ட்டும் இல்லை. அப்புறம் எப்படி மிலிட்டரி வெச்சாரு? யாரு சம்பளம் கொடுத்தாங்க?”

நல்ல கேள்வி. பெரியவர்களான நாம் கேட்க மறந்த கேள்வியும் கூட. நான் சரித்திரப் பேராசிரியன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, பாகாலா, ரேணிகுண்டா, திருப்பதி என்று தண்டவாளத்தின் மேலேயே நடந்து ஓய்வு பெற்றவன். ஆனால் இந்தக் கேள்விக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. எனவே எனக்குத் தெரிந்ததை, படித்ததை, கேட்டதை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் சின்னத் தாத்தா

இன்றைய தலைமுறைக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமே நம் சித்தூர்தான். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அந்த வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் மூலம் ஏராளமானோர் கப்பலேறினார்கள். 1938-இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்யும்வரை இது நடந்தது. அப்படிப் போனவர்களில் என் தாத்தாவின் தம்பிகள் இருவரும் உண்டு. திரும்பி வந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் நாங்கள் சின்னத் தாத்தா என்போம். அவர் இந்திய தேசிய ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர்.

முதல் டிவிஷன்: கைதிகளிலிருந்து

1941 டிசம்பரில் ஜப்பான் மலாயாவைத் தாக்கியது. ஜித்ரா என்ற இடத்தில் பிரிட்டிஷ் இந்திய ராணுவம் சிதறியபோது, பஞ்சாப் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங் ஜப்பானியர் வசம் வந்தார். இந்தியக் கைதிகளைக் கொண்டே விடுதலைப் படை ஒன்றை அமைக்கும் யோசனை அவருக்கும் ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவுக்கும் இடையில் உருவாயிற்று. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து ஃபாரர் பார்க் மைதானத்தில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அங்கேயே மோகன் சிங் அவர்களைச் சேரும்படி அழைத்தார்.

1942 செப்டம்பர் 1 அன்று முதல் டிவிஷன் முறைப்படி அமைந்தது. அதில் சுமார் 16,000 பேர் இருந்தார்கள். காந்தி, ஆசாத், நேரு என்ற பெயர்களில் மூன்று கெரில்லா ரெஜிமென்ட்டுகள் அமைக்கப்பட்டன. சேர மறுத்தவர்களும் பலர். அவர்களில் பலரை ஜப்பானியர் நியூகினி போன்ற தீவுகளுக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். எடுத்த பிரமாணத்தை மீற மாட்டேன் என்று நின்றவர்களையும் நாம் குறைத்துப் பேசக் கூடாது.

இந்த முதல் முயற்சி நான்கே மாதத்தில் முறிந்தது. படை யாருடைய சொல்லைக் கேட்கும், சொந்தத் தலைமையையா ஜப்பானையா என்பதில் தகராறு மூண்டது. 1942 டிசம்பர் இறுதியில் மோகன் சிங் கைதானார், படை கலைந்தது. எண்ணிக்கை இருந்தும் கட்டளை யாருடையது என்பது தெளிவாகாவிட்டால் படை நிற்காது என்பதற்கு இதுவே சாட்சி.

இரண்டாம் முறை: தோட்டங்களிலிருந்து

1943 ஜூலை 2 அன்று சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4-இல் இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ராஷ் பிகாரி போஸிடமிருந்து ஏற்றார். மறுநாள் பாடாங் மைதானத்தில் படையைப் பார்வையிட்டார். ஜூலை 9-ஆம் தேதிக் கூட்டத்தில் மூன்று லட்சம் வீரர்களும் மூன்று கோடி டாலரும் வேண்டும் என்று கேட்டார். பெண்கள் படை ஒன்றும் வேண்டும் என்றார்.

அந்தக் கோரிக்கையில்தான் புதுமை இருந்தது. அதுவரை இது கைதிச் சிப்பாய்களின் படை. இனி அது குடிமக்களின் படையும் ஆகும். தென்கிழக்காசிய இந்தியரில் பெரும்பகுதி யார்? ரப்பர் பால் எடுக்கும் தமிழர்கள். பிரிட்டிஷ் ராணுவமோ ‘போர்க்குடிகள்’ என்று சில இனத்தாரையே தேடிப் பிடித்துச் சேர்த்தது. முதல் உலகப் போருக்குப் பின் சென்னைப் பட்டாளங்களைப் படிப்படியாகக் கலைத்துவிட்டு, 1941-இல்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மீண்டும் அமைத்தார்கள். துப்பாக்கி பிடிக்கத் தகுதியற்றவன் என்று ஒதுக்கப்பட்ட தமிழனை, அதுவும் தோட்டக் கூலியை, போஸ் வரிசையில் நிறுத்தினார்.

லீக்கின் கிளைகள் ஊர்தோறும் இருந்தன. ஆள் சேர்ப்பதும் பணம் திரட்டுவதும் அவற்றின் பொறுப்பு. சேர்ந்தவர்களுக்குச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பயிற்சி முகாம்கள் நடந்தன. கட்டளைகள் இந்துஸ்தானியில். ஒரு வார்த்தை இந்துஸ்தானி தெரியாத தமிழ் இளைஞர்கள் அதைக் காலடியிலேயே கற்றார்கள். சின்னத் தாத்தாவுக்குக் கடைசி வரை இந்தி பேச வராது. ஆனால் வயல் வரப்பில் பேரன்களை வரிசையாக நிறுத்தி இந்துஸ்தானியில் கட்டளையிடுவார். பிரிட்டிஷ் ராணுவத்தில் மதத்துக்கொரு சமையல் இருந்தது. இங்கே எல்லோருக்கும் ஒரே அடுப்பு. வணக்கம் சொல்ல ‘ஜெய் ஹிந்த்’. இத்திஹாத், இத்மாத், குர்பானி, அதாவது ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்பவை படையின் முழக்கங்கள்.

டிவிஷன் என்றால் என்ன?

ரயில்வேயிலும் டிவிஷன் உண்டு, எங்களுக்குக் குண்டக்கல். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு கேங், அதற்கு ஒரு மேஸ்திரி. பல கேங்குகளுக்கு ஒரு இன்ஸ்பெக்டர். அவருக்கு மேல் உதவிப் பொறியாளர், அப்படியே போய் டிவிஷன். ராணுவமும் இதே ஏணிதான். சுமார் 10 பேர் ஒரு செக்ஷன். மூன்று செக்ஷன் ஒரு பிளட்டூன். சில பிளட்டூன்கள் ஒரு கம்பெனி. சில கம்பெனிகள் ஒரு பட்டாலியன். மூன்று பட்டாலியன் ஒரு ரெஜிமென்ட். சில ரெஜிமென்ட்டுகள் சேர்ந்தால் டிவிஷன்.

போஸின் முதல் டிவிஷனுக்குத் தளபதி எம்.இஸட். கியானி. காந்தி, ஆசாத் ரெஜிமென்ட்டுகளில் தலைக்கு ஏறத்தாழ 2,000 பேர். இவற்றிலிருந்து பொறுக்கியெடுத்த ஆட்களைக் கொண்டு 1943-இல் தைப்பிங்கில் சுபாஷ் ரெஜிமென்ட் அமைந்தது. அதன் பலம் சுமார் 3,000. தளபதி ஷா நவாஸ் கான். இரண்டாவது டிவிஷன் பின்னர் பர்மாவில் ஐராவதிக் கரையிலும் போப்பா மலையிலும் போரிட்டது. மூன்றாவது டிவிஷன் பெரும்பாலும் மலாயாவில் சேர்ந்த குடிமக்களைக் கொண்டது.

பெண்களுக்கென ஜான்சி ராணி ரெஜிமென்ட்டின் முகாம் 1943 அக்டோபர் 22 அன்று சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. தலைவி சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். மலாயாவில் பிறந்த ஜானகி தேவர் பின்னாளில் அதன் தளபதிகளில் ஒருவரானார். 2000-இல் பத்மஸ்ரீ பெற்றார். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத தோட்டத்துப் பெண்கள் பலர் இந்தியாவுக்காக ரைபிள் தூக்கினார்கள்.

சம்பளமும் சாப்பாடும்

இப்போது சிறுவனின் கேள்விக்கு வருவோம். 1943 அக்டோபர் 21-இல் ஆசாத் ஹிந்த் தற்காலிக அரசு அமைந்தது. ஆக, நாடு கையில் இல்லாவிட்டாலும் அரசு என்று ஒன்று இருந்தது. பணம் தென்கிழக்காசிய இந்தியர் கொடுத்தது. செட்டியார்கள், வியாபாரிகள், தோட்டத் தொழிலாளர் எல்லோரும் கொடுத்தார்கள். பெண்கள் நகையைக் கழற்றித் தந்தார்கள். 1944 ஏப்ரலில் ரங்கூனில் ஆசாத் ஹிந்த் வங்கி தொடங்கியது. சிப்பாய்க்குக் கிடைத்தது சொற்பமான படிதான்.

ஆயுதம் பெரும்பாலும் பிரிட்டிஷாரிடமிருந்து ஜப்பானியர் கைப்பற்றியது. ரைபிளும் இலகு இயந்திரத் துப்பாக்கியும் இருந்தன. பீரங்கி பலம் இல்லை. லாரிகளுக்கும் மருந்துக்கும் ஜப்பானியரின் கையைப் பார்க்க வேண்டும். ஒரு பொறியாளனாக நான் இங்கேதான் நின்று யோசிக்கிறேன். ஆட்களை ஆறு மாதத்தில் சேர்த்துவிடலாம். அவர்களுக்குப் பின்னால் வர வேண்டிய அரிசியும் தோட்டாவும் கொய்னா மாத்திரையும் ஆர்வத்தினால் மட்டும் வந்து சேராது.

1944-இல் இம்பால் போர்முனைக்கு அவசரமாக அனுப்பப்பட்ட காந்தி ரெஜிமென்ட்டார், இம்பால் விழும் நேரம் வந்துவிட்டது என்ற பேச்சை நம்பி, ஆளுக்கு ஒரு கம்பளி, ஒரு ரைபிள், 50 தோட்டாவுடன் புறப்பட்டார்கள். இயந்திரத் துப்பாக்கிகள் பின்னாலேயே தங்கின. ரயில் நின்ற இடத்துக்கு அப்பால் சிந்துவின் ஆறும் மலையும் காடும்தான். மே மாதத்தில் மழை பிடித்துக்கொண்டது. சண்டையில் இறந்தவர்களைவிடப் பசியாலும் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் இறந்தவர்களே மிக அதிகம். அந்தப் படை தைரியக் குறைவால் தோற்கவில்லை. அரிசி மூட்டை வராததால் தோற்றது.

‘தானாக’ என்ற சொல்

இதை ‘தன்னார்வப் படை’ என்கிறோம். தானாகவேதான் சேர்ந்தார்களா? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. காரணம், அதே காலத்தில் நடந்த இன்னொரு ஆள்சேர்ப்பு.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை போட்டார்கள். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. மலாயாவில் ஓடிக்கொண்டிருந்த கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் அங்கே போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரை, ஆசை காட்டியும் மிரட்டியும் லாரியில் ஏற்றியும், கொண்டு போனார்கள். அவர்களில் பெரும்பகுதி தமிழர். காலராவிலும் பட்டினியிலும் இறந்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூடக் கிடையாது. எங்கள் சின்னத் தாத்தாவின் தம்பி அங்கே போனவர்தான். கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

காட்பாடி – பாகாலா – திருப்பதிப் பாதை அகலப் பாதையாவதற்கு முன், அதே மீட்டர்கேஜில்தான் நான் வேலை கற்றேன். ஒரு கிலோமீட்டர் பாதைக்கு எத்தனை கை உழைப்பு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த 415 கிலோமீட்டரை என்னால் சும்மா ஒரு எண்ணாகப் படிக்க முடிவதில்லை.

நான் பாகாலாவில் இருந்தபோது, 1988 வாக்கில், சின்னத் தாத்தா எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து தங்கினார். ஒருநாள் மாலை துணிந்து கேட்டுவிட்டேன்: “தாத்தா, நீங்க நாட்டுக்காகச் சேர்ந்தீங்களா, ரயில் வேலைக்குப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்து சேர்ந்தீங்களா?”

அவர் கோபிக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: “ரெண்டும்தான்டா. தம்பி போனப்புறம் பயம் இல்லாம இருக்குமா? ஆனா ஒண்ணு கேட்டுக்க. கங்காணி ‘வாடா’ன்னான், வந்தேன். துரை ‘போடா’ன்னான், போனேன். ஜப்பான்காரன் ‘ஏறு’ன்னான், தம்பி ஏறினான். என்னைப் பார்த்து ‘வர்றியா’ன்னு கேட்டது அந்த லீக் ஆளுங்க மட்டும்தான். மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லலை.”

இதைவிடத் தெளிவாகத் ‘தன்னார்வம்’ என்பதை எனக்கு யாரும் விளக்கியதில்லை. பயம் கலந்திருந்தது, பசியும் கலந்திருந்தது. ஆனாலும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அவருடைய சம்மதத்தைக் கேட்டார், அவரும் கொடுத்தார். அந்த டிவிஷன்களுக்கு அடித்தளம் ஆயுதமும் அல்ல, பணமும் அல்ல. இப்படிக் கேட்டு வாங்கிய சம்மதம்தான்.

பிறகு

1945 நவம்பரில் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சைகல், தில்லான் மூவர் மீதும் விசாரணை தொடங்கியது. நாடு கொதித்ததால், விதித்த ஆயுள் தண்டனை 1946 ஜனவரியில் தள்ளுபடி ஆயிற்று. ஆனால் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் இவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளவில்லை. 1972-இல் தொடங்கிய மத்திய அரசின் தியாகிகள் ஓய்வூதியத்தில்தான் இந்தப் படையினருக்கும் இடம் கிடைத்தது. சின்னத் தாத்தா விண்ணப்பிக்கவே இல்லை. சாட்சிக்கு யாரைக் கூட்டிவருவது, எல்லோரும் அங்கேயே தங்கிவிட்டார்களே என்பார்.

அவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் வரலாறு எங்கள் வீட்டில் எழுத்தில் இல்லை. இந்தக் கட்டுரைதான் முதல் எழுத்து. நம் சங்கத்துக் குடும்பங்களில் மலாயா, பர்மா போய் வந்தவர்களின் வாரிசுகள் பலர் இருக்கிறீர்கள். பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய பாஸ்போர்ட், ஒரு போட்டோ, ஒரு கடிதம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். எண்பது, தொண்ணூறு வயதில் யாராவது இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தெலுங்கு மீடியத்திலும் இங்கிலீஷ் மீடியத்திலும் படிக்கும் நம் பேரப்பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் சொல்லுங்கள்.

அந்தச் சிறுவனுக்கு என் பதில் இதுதான்: தம்பி, ஊர் இல்லாதவர்கள்தான் அந்த மிலிட்டரியை வைத்தார்கள். சம்பளமும் அவர்களே கொடுத்துக்கொண்டார்கள்.